வலது கைத் துரும்பு

கீரனூர்
3-3-1956

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை அமராவதி வணக்கத்துடன் எழுதுவது.

இவ்வீட்டு ரசத்தில் இனிமேல் பெருங்காயம் போடுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. இவ்வளவு பெரிய செய்தியைப் பினாங்கில் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படக் கூடாதென்று நானே முந்திக்கொண்டு எழுதுகிறேன். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் உங்கள் மாப்பிள்ளை. வழிமொழிய வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அவரே வழிமொழிந்தார். எதிர்த்து யாரும் பேசவில்லை. தீர்மானம் ஈயச் சொம்பின் விளிம்பால் என் இடது புருவத்தில் பதிவு செய்யப்பட்டது. பதிவின்போது சொம்பில் கொதிக்கிற ரசம் இருந்ததால் கழுத்திலும் ஒரு நகல் விழுந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். கம்பவுண்டர், "எப்படிம்மா ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டார். பதிலை உங்கள் மாப்பிள்ளை சொன்னார். "கெணத்தடியில வழுக்கிட்டாங்க. பாத்துப் போங்கன்னா கேக்குறதில்ல." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கம்பவுண்டர் என் கழுத்தை முகர்ந்து பார்த்து, "கெணத்துல ரசமா ஊறுது?" என்றார். பிறகு உங்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். கிணறு என்றே நோட்டில் எழுதிக்கொண்டார்.

இந்தக் கிணற்றடியில் நான் வழுக்குவது புதிதல்ல. போன ஐப்பசியில் விலா எலும்பு. அதற்கு முன்னால் வயிற்றில் இருந்த பிள்ளை. நம் வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் வந்து இந்தக் கிணற்றை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் தேவலை. நம் வீட்டில் ஆண்பிள்ளை என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

மற்றபடி சுகம். மதினி கீரமங்கலத்திலிருந்து கார்டு போட்டிருந்தார். உங்கள் கடிதம் வந்து வெகு நாளாயிற்றாம்.

தங்கை,
அமராவதி

*

பினாங்கு
9-4-1956

அருமைத் தங்கை அமராவதிக்கு, அண்ணன் ரத்தினவேல் ஆசீர்வாதம்.

ஆண்டவன் கிருபையில் நலமாயிருக்கிறேன். மழை ஓயவில்லை. ஜவுளிக்கடையில் என்னைக் கணக்கப்பிள்ளையிலிருந்து பெரிய கணக்கப்பிள்ளையாக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கை வைத்த நாற்காலி கொடுத்திருக்கிறார்கள்.

பெருங்காயம் பித்தத்தைக் கூட்டும் என்று இங்குள்ள வைத்தியரும் சொல்கிறார். மாப்பிள்ளை யோசிக்காமல் எதுவும் செய்யமாட்டார். ஆனால் கிணற்றடி விஷயம் கவலை தருகிறது. சுண்ணாம்பு போட்டுப் பாசியைச் சுரண்டச் சொல். இங்கே நல்ல ரப்பர் செருப்பு கிடைக்கிறது. ஊருக்கு வருகிற ஆளிடம் ஒரு ஜோடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொண்டு நடந்தால் வழுக்காது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும்.

ரத்தினவேல்

*

கீரமங்கலம்
25-5-1956

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, அமராவதி வணக்கம். உங்கள் நாற்காலியின் கைகள் சௌக்கியமா?

ரப்பர் செருப்பு வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் கீரனூரை விட்டுப் புறப்பட்டேன். வழுக்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளை நெல் மண்டியிலிருந்து மத்தியானம் சாப்பிட வந்தார். கதவைத் திறக்க நேரமாகிவிட்டது. உலக்கை கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. என் இடது முன்கை இரண்டாயிற்று. ஒடிந்த எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றதைப் பார்த்து, இதை ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வது என்று அவருக்கே மலைப்பாக இருந்திருக்க வேண்டும். சொல்ல அவசியம் வராதபடி செய்துவிடலாம் என்று மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுவந்து என் தலையில் கவிழ்த்தார். பிறகு தீப்பெட்டியைத் தேடினார். மாடக்குழியில் தேடினார், அடுப்படியில் தேடினார், அடுத்த வீட்டில் கேட்கப் போனார். தீப்பெட்டி என் மடியில் இருந்தது. கொல்லைக் கதவு திறந்திருந்தது.

புதுக்கோட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் மட்டும், "யாரும் பீடி பத்த வைக்காதீங்கப்பா" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்.

கீரமங்கலத்தில் மதினி கதவைத் திறந்தார். கையைப் பார்த்து, "கெணறா?" என்றார்.

"கெணறுதான் மதினி."

"உள்ள வா. இங்கிட்டு இருக்குற கெணறு யாரையும் அடிக்காது."

அண்ணே, எனக்குத் துரும்பு வேண்டும். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊர்க்கூட்டத்தில் புருஷன் வலது கையால் ஒரு துரும்பை ஒடிக்க வேண்டும். ஒரு பாதியைப் பெண்ணின் அப்பாவோ அண்ணனோ வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு தீர்ந்தது. பிறகு அவள் யார் வீட்டுக்கும் போகலாம், மறுபடி தாலி கட்டிக்கொள்ளலாம். எனக்கு அப்படி எண்ணமில்லை. வழக்கத்தைச் சொன்னேன். துரும்பு இல்லாதவரை அவர் எப்போது வந்து இழுத்துப் போனாலும் ஊர் வேடிக்கைதான் பார்க்கும். அப்பா இல்லை. வாங்க நீங்கள்தான் வர வேண்டும்.

அமராவதி

*

பினாங்கு
30-7-1956

தங்கை அமராவதிக்கு ஆசீர்வாதம். நான் சுகம். உன் கை சுகமா?

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு மாதம் யோசித்தேன். நீ சொல்லாமல் புறப்பட்டது பெரிய பிசகு. நம் அப்பா சமஸ்தானக் கோர்ட்டில் நகல் எழுதியவர். அவர் மகள் கூட்டத்தில் போய்த் துரும்புக்கு நின்றாள் என்று வரக் கூடாது. எலும்பு தானாகக் கூடிவிடும், கெட்ட பெயர் அப்படியல்ல. எதற்கும் வருகிற தையில் வரப் பார்க்கிறேன். அதுவரை பொறுத்திரு.

இங்கே எங்கள் முதலாளிக்கு உறவில் ஒரு குழந்தைக்கு மாந்தம். நம் ஊர் வசம்பும் மாசிக்காயும் அனுப்பிவை. இங்கே கிடைப்பது தரமில்லை. சற்று அவசரம்.

ரத்தினவேல்

*

கீரமங்கலம்
2-9-1956

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, அமராவதி வணக்கம். கை கூடிவிட்டது. கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது.

வசம்பை மதினியே வாங்கிச் சுட்டுத் துணியில் முடிந்து அனுப்பியிருக்கிறார். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்கிறார். உரைக்கிற அளவு அதைப் பொறுத்ததாம். முதலாளிக்கு உறவான பிள்ளையிடம் உங்களுக்கு இருக்கும் அக்கறையைக் கேட்டு மதினி துணிக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

நான் வேலைக்குப் போகிறேன். சந்தைப்பேட்டையில் மலையாண்டி என்பவரின் சோடாக் கடை. உங்கள் பணம் வராத மாதங்களில் மதினி அங்கேதான் பாட்டில் கழுவிவந்தாராம். உங்களுக்கு எழுத வேண்டாம் என்றார், அதனால் எழுதுகிறேன். மலையாண்டியின் மனைவி வைசூரியில் போய்விட்டார். மலையாண்டியின் இடது கண்ணையும் பாதிக் கன்னத்தையும் பாட்டில் வெடித்து எடுத்துக்கொண்டது. இரும்புச் சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஏற்றும்போது சில பாட்டில் அப்படி வெடிக்குமாம்.

முதல் நாள் ஒருவர் சோடா கேட்டார். மலையாண்டி கோலியை அழுத்தினார். டப்பென்று சத்தம். நான் கையிலிருந்த பாட்டிலைப் போட்டு உடைத்துவிட்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தையே சிரித்தது. மலையாண்டி சிரிக்கவில்லை. என்ன ஏது என்று கேட்கவுமில்லை. அடுத்த பாட்டிலை எடுத்தவர் என் பக்கம் திரும்பி, "சத்தம் வருதுங்க" என்றார். பிறகுதான் அழுத்தினார்.

அன்று முதல் ஒவ்வொரு பாட்டிலுக்கும் சொல்கிறார். சந்தைக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்னப்பா மலையாண்டி, சோடா ஒடைக்க நோட்டீஸ் குடுக்குறியா?"

"ஆமாண்ணே. தாகம் அவசரம்னா அங்கிட்டுக் கொளத்துக்குப் போங்க. தண்ணி சத்தமில்லாம கெடக்கும்."

இப்போது எனக்குப் பழகிவிட்டது. பாட்டில் எதுவும் கையிலிருந்து விழுவதில்லை. இனிச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இதில் விசேஷம் ஒன்றுமில்லை, வேலை நிலவரம் எழுதினேன்.

தையில் வருவது நிச்சயந்தானே?

அமராவதி

*

கீரனூர்
1-10-1956

மச்சான் ரத்தினவேல் அவர்களுக்கு, சேவுகன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கு மழை பயிர் பச்சை யாவும் க்ஷேமம்.

தங்கள் தங்கை என் வீட்டிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அது போகட்டும். கீரமங்கலம் சந்தையில் ஒரு ஒற்றைக் கண்ணன் கடையில் பாட்டில் கழுவுகிறாளாம். துரும்பு வேறு கேட்கிறாளாம். என் கையால் ஒடிக்க மாட்டேன். நீங்கள் கண்டித்து அனுப்பினால் இரண்டு காலால் நடந்து வருவாள். நான் போய் அழைத்துவந்தால் அதற்கு உத்தரவாதமில்லை. அந்தக் கண்ணனுக்கு இன்னொரு கண்ணும் இருக்கிறது என்பதை ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

பினாங்கில் குளிர் காய்ச்சல் என்று கேள்வி. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

சேவுகன்

*

பினாங்கு
5-11-1956

அமராவதிக்கு ஆசீர்வாதம்.

மாப்பிள்ளை எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எவ்வளவு மரியாதையாக ஆரம்பித்திருக்கிறார் பார். சோடாக் கடைக்குப் போவதை உடனே நிறுத்து. கீரனூருக்குத் திரும்பிப் போ. கல்யாணத்தை ரத்து செய்யப் புதுச் சட்டம் வந்திருப்பதாக இங்கே பத்திரிகையில் படித்தேன். அதற்கும் நம் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை.

வசம்பு கிடைத்தது. மாந்தம் தெளிந்துவிட்டது.

ரத்தினவேல்

*

கீரமங்கலம்
12-12-1956

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, அமராவதி வணக்கம். மாந்தம் தெளிந்தது கேட்டு மகிழ்ச்சி. எத்தனை மாதம் என்று நீங்கள் எழுத மறந்துவிட்டதாக மதினி சொல்கிறார்.

அந்தச் சட்டத்தை நானும் பத்திரிகையில் படித்தேன். மனைவி இருக்கும்போது ஒருவன் இன்னொருத்தியைக் கட்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. நம் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாததால் நீங்கள் அதை எழுதவில்லை என்று மதினிக்கு விளக்கிச் சொன்னேன்.

சென்ற சந்தை நாளில் உங்கள் மாப்பிள்ளை என்னை அழைத்துப்போக வந்தார். அழைப்பில் குறை இருக்கக் கூடாதென்று இரண்டு ஆட்களையும் ஆளுக்கு ஒரு அரிவாளையும் கொண்டுவந்தார். முதலில் பாட்டில் அலமாரியைச் சாய்த்தார்கள். மலையாண்டி சக்கரத்தை விட்டுவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"அந்தம்மா வரமாட்டாங்க. போயிருங்க."

"நீ யார்றா குருட்டுப் பயலே?"

"கடைக்காரன்."

அரிவாள் அவர் தோளில் இறங்கியது. எலும்பில் சிக்கிக்கொண்டதால் வெட்டியவன் அவர் மார்பில் காலை வைத்து மிதித்துத்தான் உருவினான். என்னோடு பாட்டில் கழுவிக்கொண்டிருந்த மதினி ஒரு காலி பாட்டிலை எடுத்து அவன் வாயில் அடித்தார், மறுபடி அடித்தார், அவன் உட்கார்ந்த பிறகும் அடித்தார். இரண்டாவது ஆள் மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினான்.

உங்கள் மாப்பிள்ளை என் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து இயந்திரத்தின் மேல் மோதினார். அப்போதுதான் காற்று ஏற்றி வைத்திருந்த பாட்டிலை வலது கையில் எடுத்தார். அடியை உடைத்துக்கொண்டால் என் முகத்தில் குத்த வசதியாக இருக்குமென்று இரும்புச் சக்கரத்தை நோக்கி ஓங்கினார். காற்று நிறைந்த பாட்டிலைக் கையில் பிடித்து யாரும் அப்படி உடைப்பதில்லை. நெல் மண்டிக்காரருக்கு அது தெரிய நியாயமில்லை. ரத்தத்தில் கிடந்த மலையாண்டி அதைப் பார்த்துவிட்டு, "அமராவதி, சத்தம் வருது" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது ஒரு கட்டைவிரல் எலுமிச்சம்பழக் கூடையில் கிடந்தது. மற்ற விரல்களை யாரும் தேடவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவர் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்களாம். விசாரிக்க வந்த போலீஸ்காரர், சோடா பாட்டிலைத் தவறாகக் கையாண்டதால் நேர்ந்த விபத்து என்று எழுதினார். தோளில் இறங்கிய அரிவாளை எதில் சேர்ப்பது என்று யோசித்துவிட்டு, அதையும் சோடாவிலேயே சேர்த்தார்.

மலையாண்டி பிழைத்துவிட்டார். கட்டு மாற்றுவது நான். நேற்று, "தொரும்பு வந்துருச்சுன்னா நீங்க..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். "வரட்டும்" என்றேன். வந்தால் என்ன செய்வேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முன்பு எண்ணமில்லை என்று எழுதியதை அடித்துவிடவும்.

கூட்டம் மாசியில். கூட்டத்துக்குத் தலைமை பார்க்கிற ராக்கன் அம்பலம் தேதி வைத்துவிட்டார். நீங்கள் வந்தே தீர வேண்டும். கை போனவர் அடுத்த தடவை ஆட்களை மட்டும் அனுப்புவார்.

அமராவதி

*

தந்தி
பினாங்கு, 28-1-1957

கப்பலில் இடமில்லை. கூட்டத்தைச் சித்திரைக்குத் தள்ளிவை. அனைவர் நலத்துக்கும் ஆசீர்வாதம். ரத்தினவேல்.

*

கீரமங்கலம்
20-3-1957

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, அமராவதி வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் தந்தியில் வந்ததால் சீக்கிரமே கிடைத்தது.

நீங்கள் இடமில்லை என்று எழுதிய கப்பலில் ஷேக் பரீது என்ற வியாபாரி வந்து இறங்கினார். பாதிக் கப்பல் காலி, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தேன் என்றார். நான் உங்கள் தங்கை என்று யாரோ சொல்லக் கேட்டு, கடைக்கு வந்து நல்ல சேதி சொன்னார். "ஒங்க அண்ணன் மகனுக்குப் போன மாசந்தான் மொட்டை போட்டாக. புள்ளைக்குக் காது அப்படியே அவுக காதும்மா." பக்கத்தில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. மதினி கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு இன்னொரு சோடா கொடுத்தார்.

கூட்டத்தைத் தள்ளிவைக்கவில்லை. உங்கள் மாப்பிள்ளை சலவை வேட்டியுடன், வெறும் மணிக்கட்டைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். துரும்பை நீட்டினார்கள். அவர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"வலது கையால ஒடிக்கணும்கிறது நம்ம வழக்கம். எனக்கு அது இல்லையே. நான் என்ன செய்யட்டும், அம்பலம்?"

சிரித்துக்கொண்டே கேட்டார். கை போனது அவருக்கு இவ்வளவு உபயோகப்படும் என்று நான் நினைக்கவில்லை.

பெரியவர்கள் வெயில் சாயும்வரை ஆராய்ந்தார்கள். இடது கை சாவுச் சடங்குக்குத்தான் ஆகும் என்றார் ஒருவர். மகன் ஒடிக்கலாம் என்றார் இன்னொருவர். மகன் இல்லை என்றார்கள். அது எப்படி இல்லாமல் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில், வலது கை இல்லாதவனிடம் துரும்பு கேட்க வழக்கத்தில் இடமில்லை, நான் ஆயுசுக்கும் அவர் மனைவிதான் என்று சொல்ல அம்பலம் தொண்டையைக் கனைத்தார்.

நான் எழுந்து போய் உங்கள் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றேன்.

"சரிங்க அம்பலம். இவுகளோடயே போறேன். எனக்கு என்ன பயம்? பாவம், இனிமே இவுகளால ஒரு ஈயக்கூட அடிக்க முடியாது."

இடது கை வந்தது. விரித்த கை அல்ல, மூடிய கை. வாயிலிருந்து இரண்டு பல் விழுந்தது. விழுந்த என்னை வயிற்றில் மிதித்தார், பிறகு குனிந்து மறுபடி அதே கையால் அடித்தார். மலையாண்டியை நாலு பேர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மதினி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் கேட்டார்.

"அம்பலம், அந்தக் கை வேலை செய்யுதா, இல்லையா?"

ராக்கன் அம்பலம் என்னைப் பார்த்தார். மண்ணில் கிடந்த பல்லைப் பார்த்தார்.

"நல்லாத்தான் செய்யுது" என்றார். "அடிக்க ஆகுற கை ஒடிக்கவும் ஆகும். ஒடிடா."

"மாட்டேன்."

"மாட்டேன்னா போ. நாளையிலேருந்து ஒன் மண்டிக்கு ஒரு வண்டி நெல்லு வராது."

உங்கள் மாப்பிள்ளை துரும்பைத் தரையில் போட்டுக் காலால் அழுத்திக்கொண்டு இடது கையால் ஒடித்தார். வாங்க அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். "அவுக வரல. அவுக எடத்துல நான் நிக்கிறேன்" என்று மதினி கையை நீட்டினார். பெண்பிள்ளை வாங்கி வழக்கமில்லை என்று முணுமுணுத்தார்கள். இடது கைக்கே வழிவிட்டாயிற்று, இனி என்ன என்று அம்பலம் சலித்துக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை மலையாண்டி எனக்குத் தாலி கட்டினார். பல் போன வாயை நான் மூடியே வைத்திருந்தேன். "தெறந்து சிரிங்க. எனக்கு ஒரு கண்ணு, ஒங்களுக்கு ரெண்டு பல்லு. யாரு யாரைக் கேலி பண்றது?" என்றார். சிரித்தேன். உதடு பிரிந்து ரத்தம் வந்தது. தன் மேல்துண்டால் துடைத்தார். அவ்வளவுதான் கல்யாணம்.

அங்கே எல்லோர் சுகத்துக்கும் எழுதவும்.

தங்கை,
அமராவதி

பின்குறிப்பு: கூட்டம் கலைவதற்குள் மதினி, ஷேக் பரீது கொண்டுவந்த சேதியையும் அம்பலத்திடம் சொன்னார். கவருக்குள் ஒரு துரும்பு இருக்கும். உங்களுக்கு இரண்டு கையும் இருப்பதால் வலது கையால்தான் ஒடிக்க வேண்டுமாம். ஒரு பாதியை ரிஜிஸ்தர் தபாலில் மதினி பெயருக்கு அனுப்பவும்.